ராமநாதபுரத்துல இருந்து பாஸ்போர்ட் ஆபீஸ் எவ்வளவு தூரம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியில ஆரம்பிக்குது. ராமநாதபுரத்துல இருக்கிற ஒருத்தருக்கு பாஸ்போர்ட் வேணும். அவர் எவ்வளவு தூரம் போகணும்?

மேப்ஸ் எல்லாம் திறக்காதீங்க. எந்த வருஷத்துல கேட்கிறோம்கிறதைப் பொறுத்து விடை மாறும். 1914ல கேட்டிருந்தா, "பாஸ்போர்ட்டா, அது எதுக்கு?"ன்னு திருப்பிக் கேட்டிருப்பாங்க. 1954ல கேட்டிருந்தா மெட்ராஸ் பக்கம் கை காட்டியிருப்பாங்க. 500 கிலோமீட்டருக்கு மேல. அப்புறம் ஒரு காலம் திருச்சி, சுமார் 200 கிலோமீட்டர். 2007ல மதுரைக்கு ஆபீஸ் வந்தது, அது 110 கிலோமீட்டர். இன்னைக்குக் கேட்டா? உள்ளூர் தபால் ஆபீஸ்.

நம்மள மாதிரி ஐடி ஆளுங்களுக்கு பாஸ்போர்ட்ங்கிறது ஆன்சைட் வாய்ப்பு வர்றதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுக்கிற ஒரு ஐட்டம். போர்ட்டல்ல லாகின் பண்ணி, 1500 ரூபாய் கட்டி, ஸ்லாட் எடுத்து, அரை நாள் லீவு போட்டா வேலை முடிஞ்சது. அதனால இதுக்குள்ள ஒரு பெரிய சண்டையோட வரலாறு இருக்குன்னு நமக்குத் தோணாது. ஒரு ஆள் நாட்டை விட்டு வெளியே போகலாமா கூடாதான்னு யார் முடிவு பண்றது? அதுதான் சண்டை. கோர்ட்டுல அந்தச் சண்டை முடிஞ்சு ஐம்பது வருஷம் ஆகுது. ஆனா சின்ன ஊர்கள்ல அது வேற ரூபத்துல நடந்துக்கிட்டே இருந்தது. தூரமா, ஃபாரமா, ஒரு காகிதமா. அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஒரே வருஷம், ரெண்டு பயணம்

1914 பிப்ரவரி 24. பாம்பன் ரயில் பாலம் திறந்தாங்க. அதுக்கப்புறம் மெட்ராஸ்ல ரயில் ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் வந்துடலாம். அங்கிருந்து நீராவிக் கப்பல், எதிர்க்கரையில தலைமன்னார், மறுபடியும் ரயில், கொழும்பு. இதுதான் நம்ம தாத்தா பாட்டி காலத்து போட் மெயில். இலங்கைக்குப் போறோம்னா வெளிநாடு போறோம்கிற நினைப்பே கிடையாது. டிக்கெட் கேட்டாங்க, பாஸ்போர்ட் கேட்கல.

இதைக் கேட்டுட்டு, "ஆகா, என்ன ஒரு சுதந்திரமான காலம்"னு நினைச்சுடாதீங்க. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அதனால கதவு திறந்து இருந்தது. தோட்ட வேலைக்குப் போற தொழிலாளிகளை மண்டபம் முகாம்ல நிறுத்தி, உடம்பைப் பரிசோதிச்சு, கணக்கெழுதித்தான் கப்பல் ஏத்தினாங்க. பாஸ்போர்ட் இல்லாததால சோதனையும் இல்லைன்னு ஆயிடாது. யார் போனா முதலாளிக்கு லாபமோ, அவங்க போக வழி இருந்தது.

அதே 1914ல, மே மாசம், உலகத்தோட இன்னொரு மூலையில ஒரு கப்பல் கரையைத் தொட முடியாம நின்னுக்கிட்டு இருந்தது. கோமகட்டா மாரு. குர்தித் சிங் என்பவர் வாடகைக்கு எடுத்த ஜப்பான் கப்பல். உள்ளே 376 பேர், பெரும்பாலும் பஞ்சாப்காரங்க. ஹாங்காங்ல இருந்து கிளம்பி கனடாவோட வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தாங்க. அவங்க பிரிட்டிஷ் பிரஜைங்க. கனடாவும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம். அப்போ இறங்க விட வேண்டியதுதானே?

விடல. கனடா 1908லேயே ஒரு விதி போட்டு வெச்சிருந்தது. பிறந்த நாட்டுல இருந்து எங்கேயும் மாறாம, ஒரே நேர்ப் பயணமா வந்தாத்தான் அனுமதி. இந்தியாவுல இருந்து கனடாவுக்கு அப்படி நேர்ப் பயணம் வர கப்பலே இல்ல. அந்த விதியில "இந்தியர்கள் வரக் கூடாது"ன்னு ஒரு வார்த்தை கூட இருக்காது. ஆனா இந்தியர்களைத் தவிர வேற யாரையும் அது பெருசா தடுக்காது. நம்ம பாஷைல சொன்னா, கண்டிஷனை அப்படி எழுதி வெச்சா, யாரைத் தடுக்கணுமோ அவங்க மட்டும் ஃபெயில் ஆவாங்க. கோட்ல பேர் எங்கேயும் வராது.

ரெண்டு மாசம் கப்பல் அங்கேயே நின்னது. ஏற்கெனவே கனடாவுல குடியிருந்தவங்கன்னு ஒரு சிலரை மட்டும் இறங்க விட்டாங்க. ஜூலை 23ஆம் தேதி கப்பலைத் திருப்பி அனுப்பினாங்க. செப்டம்பர் 29ஆம் தேதி கல்கத்தா பக்கத்துல பஜ்பஜ்ல வந்து நின்னப்போ துப்பாக்கிச் சூடு, சுமார் 20 பேர் செத்துப் போனாங்க. 2016ல கனடா பிரதமர் நாடாளுமன்றத்துல இதுக்கு மன்னிப்புக் கேட்டார்.

நம்ம கதைக்கு இது ஏன் முக்கியம்? இந்தியர்களுக்கு பாஸ்போர்ட்னு ஒண்ணு எப்படி வந்ததுன்னு ஆராய்ஞ்ச ராதிகா மோங்கியா, இந்தக் கனடா விவகாரத்தைத்தான் அதோட வேர்களில் ஒண்ணாகக் காட்டுறாங்க. இனத்தைச் சொல்லித் தடுத்தா சாம்ராஜ்யத்துக்குள்ள பிரச்சனை வரும். அதுக்குப் பதிலா, "கிளம்புற இடத்துலேயே ஒரு காகிதம் கொடுங்க, அது இல்லாதவங்களை நாங்க தடுத்துக்கிறோம்"னு சொல்லிட்டா வேலை சுலபம். முதல் உலகப் போர் நடுவுல, 1917ல, இந்தியாவுல பாஸ்போர்ட் கட்டாயம்னு விதி வந்தது. போருக்காக வந்த விதி. போர் முடிஞ்சது, விதி போகல. 1920ல அதுக்கு ஒரு சட்டமே போட்டாங்க.

ஊருக்கு அனுப்புற பாஸ்போர்ட்

அடுத்து 1948க்கு வருவோம். ரெண்டு நாடும் சுதந்திரம் அடைஞ்சாச்சு. இலங்கை அந்த வருஷமே குடியுரிமைச் சட்டம் கொண்டு வந்தது. மலையகத் தோட்டங்கள்ல தலைமுறை தலைமுறையா வேலை பார்த்த லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே கையெழுத்துல நாடற்றவங்க ஆனாங்க. குடியுரிமை வேணும்னா அப்பாவும் தாத்தாவும் எங்க பிறந்தாங்கன்னு காகிதம் காட்டணும். தோட்ட லயத்துல பிறந்த குழந்தைக்கு யார் காகிதம் எழுதி வெச்சாங்க?

1964 அக்டோபர் 30. லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. கணக்கு இப்படி: சுமார் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். 1974ல அந்த மிச்சத்தைச் சரிபாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க, ஆளுக்கு 75,000. அதுக்கு முன்னாடி மலையக மக்கள்கிட்ட யாரும் பெருசா கருத்துக் கேட்கல.

ஒப்பந்தம் கையெழுத்தாகி ரெண்டு மாசம் கூட ஆகல. டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே இல்லாம போச்சு. அதனால திரும்பி வந்த குடும்பங்கள் ராமேஸ்வரத்துல வந்து இறங்குனாங்க. அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்துல தொழிலாளிகளைக் கணக்கெழுதி அனுப்பின அதே மண்டபம், இப்போ அவங்க பேரப்பிள்ளைங்களைக் கணக்கெழுதி உள்ளே எடுத்தது.

அவங்க கையில இருந்தது இந்திய பாஸ்போர்ட். கண்டியில இருந்த இந்திய அலுவலகத்துல விண்ணப்பம் போட்டு வாங்கினது. இலங்கைல அதைக் கடவுச்சீட்டுன்னு சொல்வாங்க, இன்னைக்கும் அதுதான் அங்க புழக்கத்துல இருக்கிற சொல். நமக்கு பாஸ்போர்ட்னா வெளியே போற சாவி. அவங்களுக்கு அது பிறந்த ஊரை விட்டுக் கிளம்பணும்கிறதுக்கான ஆர்டர். ஒரே குடும்பத்துல அண்ணனுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கைன்னு பிரிஞ்ச கதைகள் நீலகிரில நிறைய கேட்கலாம். கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள்ல, டான்டீல, அவங்க சந்ததிகள் இன்னும் இருக்காங்க.

அரசாங்கம் மனசு வெச்சா

இப்போ சட்டத்துக்குள்ள போவோம். 1954ல இந்தியாவுல முதல் ஐந்து மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள் வந்தன: பம்பாய், கல்கத்தா, டெல்லி, மெட்ராஸ், நாக்பூர். அப்போ தமிழ்நாட்டுல எந்த மூலைல இருந்தாலும் மெட்ராஸ்தான்.

ஆனா தூரத்தை விடப் பெரிய பிரச்சனை ஒண்ணு இருந்தது. 1920 சட்டம் நாட்டுக்குள்ள வர்றதைப் பத்தி மட்டும்தான் பேசுச்சு. யாருக்கு பாஸ்போர்ட் கொடுக்கணும், யாருக்கு மறுக்கலாம், மறுத்தா காரணம் சொல்லணுமா, மேல்முறையீடு உண்டா? எதுக்கும் சட்டம் கிடையாது. அரசாங்கம் மனசு வெச்சா தரும், இல்லைன்னா இல்ல. பாஸ்போர்ட் இல்லாம எந்தக் கப்பல் கம்பெனியும் விமான கம்பெனியும் ஏத்தாது. அப்படின்னா நீங்க வெளிநாடு போறதும் போகாததும் ஒரு அதிகாரியோட விருப்பம்.

1966ல சத்வந்த் சிங் சாஹ்னி என்கிற ஒரு வியாபாரி. ஏற்றுமதி இறக்குமதி தொழில், அடிக்கடி வெளிநாடு போகணும். அவர் மேல ஒரு விசாரணை நடந்துக்கிட்டு இருந்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கன்னு கடிதம் வந்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1967 ஏப்ரல் 10ஆம் தேதி தீர்ப்பு. ஐந்து நீதிபதிகள், மூணுக்கு ரெண்டு. பெரும்பான்மைத் தீர்ப்பைச் சொன்னவர் தலைமை நீதிபதி சுப்பா ராவ், மெட்ராஸ்ல வக்கீலா இருந்து, அங்கேயே உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனவர். அரசியல் சட்டத்தோட 21ஆவது பிரிவு சொல்ற "தனிமனிதச் சுதந்திரம்" அப்படிங்கிறதுக்குள்ள வெளிநாடு போற உரிமையும் அடங்கும்னு தீர்ப்பு சொன்னது. அந்த உரிமையைப் பறிக்கணும்னா ஒரு சட்டம் வேணும். சட்டமே இல்லாம அதிகாரி இஷ்டத்துக்கு எடுத்துக்க முடியாது.

அரசாங்கத்துக்கு அவசரமா ஒரு சட்டம் தேவைப்பட்டது. முதல்ல அவசரச் சட்டம், அப்புறம் முறையான சட்டம். 1967 ஜூன் 24ஆம் தேதி பாஸ்போர்ட் சட்டம் வந்தது. இன்னைக்கும் ஜூன் 24ஐத்தான் பாஸ்போர்ட் சேவை தினம்னு கொண்டாடுறாங்க. அந்த நாள் இப்படி ஒரு வழக்குல தோத்ததால வந்த நாள்னு கேக் வெட்டுறவங்க எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது.

பத்து வருஷம் கழிச்சு அந்தச் சட்டத்துல இருந்த ஒரு ஓட்டை வெளியே தெரிஞ்சது. எமர்ஜென்சி முடிஞ்சு ஜனதா ஆட்சி வந்த வருஷம், 1977. மேனகா காந்திக்கு ஜூலை மாசம் ஒரு கடிதம் வந்தது: ஏழு நாளுக்குள்ள பாஸ்போர்ட்டை ஒப்படைங்க. ஏன்னு கேட்டார். பொதுநலன் கருதி காரணம் சொல்ல முடியாதுன்னு பதில் வந்தது. சட்டப்படி அப்படிச் சொல்ல இடம் இருந்தது.

1978 ஜனவரி 25ஆம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டம்னு ஒண்ணு இருந்தா மட்டும் பத்தாது. அந்தச் சட்டம் சொல்ற வழிமுறை நியாயமா இருக்கணும். ஒருத்தரோட உரிமையில கை வைக்கும்போது அவர் தரப்பைக் கேட்கணும். பின்னாடி வந்த எத்தனையோ உரிமை வழக்குகளுக்கு இந்தத் தீர்ப்புதான் அஸ்திவாரம். சட்டக் கல்லூரில படிக்கிற நண்பர்கிட்ட "மேனகா காந்தி கேஸ்"னு சொல்லிப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. இதுல ஒரு வேடிக்கை, அந்தத் தீர்ப்போட அவருக்கு பாஸ்போர்ட் உடனே கைக்கு வந்துடல. உங்க தரப்பைக் கேட்கிறோம்னு அரசாங்கம் கொடுத்த உறுதியை ஏத்துக்கிட்டு கோர்ட் வழக்கை முடிச்சது.

சரி. 1978க்கு அப்புறம் பாஸ்போர்ட் உரிமை சட்டப்படி உறுதி ஆயிடுச்சு. இந்த ரெண்டு வழக்கையும் நடத்தினது யாருன்னு கவனிங்க. ஒருத்தர் தொழிலதிபர், இன்னொருத்தர் முன்னாள் பிரதமரோட மருமகள். ரெண்டு பேராலயும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக முடிஞ்சது. கீழக்கரைல இருந்து துபாய்க்கு வேலைக்குக் கிளம்புற 22 வயசுப் பையனுக்கு இந்தத் தீர்ப்பு எப்போ, எப்படி வந்து சேர்ந்தது?

ஈசிஆர்னா பீச் ரோடு இல்ல

ஈசிஆர்னு சொன்னா சென்னைல நமக்கு என்ன ஞாபகம் வரும்? மகாபலிபுரம், ரிசார்ட், வீக்கெண்ட் டிராஃபிக். அதே கிழக்குக் கடற்கரைச் சாலைல தெற்கே போய்க்கிட்டே இருந்தா ராமநாதபுரம் வரும். அங்க ஈசிஆர்னு சொன்னா பல வீட்டுல வேற அர்த்தம்: எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு.

1983ல குடியகல்வுச் சட்டம் வந்தது. வளைகுடா நாடுகளுக்கு ஆயிரக்கணக்குல தொழிலாளிகள் போக ஆரம்பிச்ச காலம். ஏஜென்ட் ஏமாத்துறது, சொன்ன சம்பளம் கிடைக்காதது, அங்க போய் மாட்டிக்கிறதுன்னு புகார் குவிஞ்சது. அதனால அரசாங்கம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு பண்ணுச்சு. சில நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, குறிப்பிட்ட படிப்பு இல்லாதவங்க குடிபெயர்வோர் பாதுகாவலர்னு ஒரு அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும். அவர் வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துட்டு அனுமதி தருவார். இன்னைக்கு அந்தப் பட்டியல்ல 18 நாடுகள். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியான்னு, நம்ம ஊர்க்காரங்க அதிகமா வேலைக்குப் போற பல நாடுகள் இதுக்குள்ள வந்துடும்.

படிப்பு எல்லை பத்தாம் வகுப்பு. பாஸ் பண்ணியிருந்தா இந்தச் சோதனை கிடையாது. ஃபெயில்னா பாஸ்போர்ட்டுல ஈசிஆர்னு அச்சடிச்சு வரும். பதினஞ்சு வயசுல கணக்குப் பரீட்சைல ஃபெயில் ஆனவர், முப்பது வயசுல ஏர்போர்ட் கவுன்டர்ல அதுக்கு பதில் சொல்லணும்.

இதை எதிர்க்கிறவங்க, ஆதரிக்கிறவங்க ரெண்டு தரப்புலயும் நியாயம் இருக்கு. ஒப்பந்தத்தை யாராவது ஒருத்தர் படிச்சுப் பார்க்கிறது நல்லதுதான். அதே சமயம், அந்த அனுமதி வாங்க அலையுறதுக்குப் பயந்து எத்தனையோ பேர் விசிட் விசால போய், அங்க போனப்புறம் வேலைக்கு மாத்திக்கிறாங்க. அப்படிப் போறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவுமே இல்லாம போயிடுது. யாரைக் காப்பாத்த விதி போட்டாங்களோ, அவங்களே அதைச் சுத்திப் போக வேண்டிய நிலைமை.

2018 ஜனவரில மத்திய அரசு ஒரு அறிவிப்பு விட்டது: ஈசிஆர் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை. மத்தவங்களுக்கு நீலம். பத்தாவது படிக்காதவர்னு தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியணும்! எதிர்ப்பு கிளம்புச்சு, குறிப்பா கேரளாவுல. அந்த மாசம் 30ஆம் தேதியே திட்டத்தைக் கைவிட்டாங்க. அட்டை நீலமாவே இருக்கு. உள்ளே அந்த எழுத்து மட்டும் இன்னும் இருக்கு.

இனிஷியலை ஏத்துக்காத ஃபாரம்

அடுத்த தடை, பேர். பாஸ்போர்ட் ஃபாரம்ல ரெண்டு கட்டம் இருக்கும்: கிவன் நேம், சர்நேம். நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு சர்நேம் இருக்கு? இனிஷியல் இருக்கு. ஆனா ஃபாரம் இனிஷியலை ஏத்துக்காது. அதை விரிச்சு எழுதணும். சிலர் அப்பா பேரை சர்நேம் ஆக்கிடுவாங்க, வெளிநாட்டு ஆபீஸ்ல எல்லாரும் உங்களை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. சிலர் சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டுடுவாங்க. அதுக்கும் வினை வந்தது. 2022 நவம்பர்ல அமீரகம், ஒத்தைப் பேர் மட்டும் இருக்கிற பாஸ்போர்ட்டோட விசிட் விசால வர்றவங்களை அனுமதிக்க மாட்டோம்னு அறிவிச்சது. அப்புறம், பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேர் இருந்தாப் போதும்னு தளர்த்தினாங்க. யாரோ எங்கேயோ டிசைன் பண்ண டேட்டாபேஸ்ல சர்நேம் ஒரு மேண்டேட்டரி ஃபீல்டு. அதுக்காக ஒரு ஊரே பேரை மாத்தி எழுதுது.

பிறப்புச் சான்றிதழ் இன்னொரு கதை. 1989 ஜனவரி 26க்கு அப்புறம் பிறந்தவங்க பிறப்புச் சான்றிதழ்தான் காட்டணும்னு ரொம்ப நாள் விதி இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரில பிறந்தவங்களுக்குப் பிரச்சனை இல்ல. கிராமத்துல வீட்டுலேயே பிறந்து, பதிவு பண்ணாமலே விட்டிருந்தா? பதிவுல "ஆண் குழந்தை"ன்னு மட்டும் எழுதி, பேர் சேர்க்காம விட்டிருந்தா? பேர் சேர்க்க நகராட்சி ஆபீஸ், தாமதப் பதிவுக்கு ஆர்டிஓ ஆபீஸ்னு அலைஞ்சே மாசம் ஓடிடும்.

2016 டிசம்பர்ல இதைத் தளர்த்தினாங்க. பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான், ஆதார், ஓட்டுநர் உரிமம், எல்ஐசி பாலிசி பத்திரம், இதுல எதுவும் பிறந்த தேதிக்கு ஆதாரமா செல்லும். அப்பா, அம்மா ரெண்டு பேர் பெயரும் வேணும்னு இல்ல, ஒருத்தர் பெயர் போதும். கல்யாணச் சான்றிதழ் தேவையில்ல. கணவனைப் பிரிஞ்சு தனியா பிள்ளையை வளர்க்கிற ஒரு அம்மாவுக்கு இந்த ரெண்டு வரி எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி, காணாம போன ஒரு ஆளோட பேரை அவங்க ஃபாரம்ல எழுத வேண்டியிருந்தது.

2025ல விதி மறுபடி மாறியிருக்கு: 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த குழந்தைகளுக்கு பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். வீட்டுல குட்டிப் பாப்பா இருந்தா, சான்றிதழ்ல பேர் சேர்த்தாச்சான்னு இன்னைக்கே பார்த்துடுங்க.

ஹாடோஸ் ரோடுல இருந்து தபால் ஆபீஸ் வரைக்கும்

இப்போ தூரத்துக்குத் திரும்புவோம். சென்னை நுங்கம்பாக்கத்துல ஹாடோஸ் ரோடு, சாஸ்திரி பவன். ரொம்ப வருஷம் பாஸ்போர்ட்னா அந்தக் கட்டடம்தான். விடியறதுக்கு முன்னாடியே வரிசை. வாசல்ல ஃபாரம் நிரப்பித் தர்றவங்க, ஜெராக்ஸ் கடை, ஏஜென்ட். திருச்சிலயும் இதே காட்சி. நியாயமா ஒண்ணு சொல்லணும்: விண்ணப்பத்தைக் கலெக்டர் ஆபீஸ்ல இருந்த மாவட்ட பாஸ்போர்ட் பிரிவுல கொடுக்கலாம்னு வசதி இருந்தது. ஆனா கேள்வி கேட்டு ஒரு கடிதம் வந்தாலோ, ஒரு எழுத்துப் பிழை ஆனாலோ, பஸ் ஏறியே ஆகணும். ஒரு நாள் கூலி, பஸ் காசு, லாட்ஜ் காசு. அங்க போனா "இந்த அஃபிடவிட் சரியில்ல, திங்கக்கிழமை வாங்க".

இந்த இடத்துலதான் ஏஜென்ட்னு ஒரு ஆள் உருவானார். அவரை வில்லனா காட்டுறது சுலபம். ஆனா அவர் வித்தது என்ன? எந்தக் கவுன்டர், எந்த ஃபாரம், யாரைப் பார்க்கணும்கிற தகவல். அரசாங்கம் அதை இலவசமா கொடுத்திருந்தா அவருக்குத் தொழிலே இருந்திருக்காது.

2008ல பாஸ்போர்ட் சேவை திட்டத்தோட ஒப்பந்தம் டிசிஎஸ்க்குப் போச்சு. 2010ல பெங்களூர்லயும் சண்டிகர்லயும் சோதனை முயற்சி. 2012 நடுவுல நாடு முழுக்க 77 சேவை மையங்கள். தமிழ்நாட்டுல சென்னை, திருச்சி, மதுரை, கோவை, தஞ்சாவூர், திருநெல்வேலி. உள்ளே போயிருந்தா உங்களுக்குத் தெரியும், ஏ, பி, சின்னு மூணு கவுன்டர். ஏ கவுன்டர்ல கம்பெனி ஊழியர்கள், போட்டோ, கைரேகை, ஸ்கேன். பி, சி ரெண்டுலயும் அரசு அதிகாரிங்க, சரிபார்க்கிறதும் முடிவு எடுக்கிறதும் அவங்க. அதாவது, அந்த அதிகாரம் மட்டும் வெளியே போகல.

ஆனா 77 மையம் இவ்வளவு பெரிய நாட்டுக்கு எத்தனை தூரம் எட்டும்? எல்லாம் ஆன்லைன் ஆனப்புறமும், ஒரு தடவை நேர்ல போய் நிக்கணுமே. அதுக்கு ஒரு எளிமையான யோசனை வந்தது. எல்லா மாவட்டத்துலயும் ஏற்கெனவே அரசாங்கத்துக்குன்னு ஒரு கட்டடம், மக்களுக்குப் பழக்கமான ஒரு கவுன்டர் இருக்கு: தலைமைத் தபால் நிலையம். அங்கேயே ஒரு ரூமை ஒதுக்கி, ரெண்டு மூணு சிஸ்டம் போட்டா? முதல் ரெண்டு மையங்கள் கர்நாடகாவுல மைசூரு, குஜராத்துல தாஹோத். தொடங்கின தேதி 2017 ஜனவரி 25. மேனகா காந்தி தீர்ப்பு வந்து சரியா 39 வருஷம், அதே நாள். திட்டமிட்டு நடந்த மாதிரி தெரியல. ஆனா எனக்கு அந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுப் பார்க்கத் தோணுச்சு.

யாரும் 50 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாதுங்கிறது இலக்குன்னு அப்போ வெளியுறவு அமைச்சரா இருந்த சுஷ்மா ஸ்வராஜ் சொன்னாங்க. இன்னைக்கு நாடு முழுக்க 400க்கும் மேல தபால் நிலைய மையங்கள் இருக்கு, ராமநாதபுரம் உட்பட. காலைல ஒரு டீ குடிச்சுட்டு நடந்து போய், மதிய சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

இன்னும் முடியாத தூரம்

அப்போ எல்லாம் சரியாயிடுச்சா? ஒரு கட்டம் பாக்கி இருக்கு. போலீஸ் வெரிஃபிகேஷன்.

பாஸ்போர்ட் சட்டத்தோட 6ஆவது பிரிவுப்படி, கோர்ட்டுல கிரிமினல் வழக்கு நிலுவைல இருந்தா பாஸ்போர்ட்டை மறுக்கலாம். காகிதத்துல படிச்சா நியாயமாத்தான் இருக்கு. இப்போ இடிந்தகரைக்கு வாங்க. 2011ல இருந்து கூடங்குளம் அணு உலைக்கு எதிரா அந்த மீனவ ஊர்ல பெரிய போராட்டம் நடந்தது. ஆயிரக்கணக்கானவங்க மேல வழக்கு போட்டாங்க, தேசத்துரோகப் பிரிவு உட்பட. அந்த ஊர் இளைஞர்களுக்கு வெளிநாட்டுல மீன்பிடிக் கப்பல் வேலை, வளைகுடா வேலைதான் அடுத்த வழி. வழக்கைக் காட்டி பாஸ்போர்ட் கிடைக்காம பலர் வருஷக்கணக்குல ஊர்லயே நின்னுட்டாங்க. எஃப்ஐஆர் மட்டும் இருந்தா அது நிலுவை வழக்கு ஆகாதுன்னு நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. வழக்கே இருந்தாலும் கோர்ட் அனுமதியோட பாஸ்போர்ட் வாங்க 1993லேயே ஒரு அரசாணை வழி வெச்சிருக்கு. ஆனா அதுக்கு ஒரு வக்கீல் வேணும், ஒவ்வொருத்தருக்கும் ஒரு மனு வேணும்.

கனடா போட்ட விதில எப்படி இந்தியர்ங்கிற வார்த்தையே இல்லையோ, அதே மாதிரி இந்த விதிலயும் எந்த ஊர் பேரும் இல்ல. ஆனா யார் மேல கூட்டமா வழக்கு விழும், யாரால கோர்ட்டுக்கு அலைய முடியாதுன்னு பார்த்தா, யார் மாட்டுவாங்கன்னு முன்கூட்டியே சொல்லிடலாம். அதனால ஒரு விதி நல்லதா கெட்டதான்னு பார்க்கும்போது, அதோட வாசகத்தை மட்டும் படிக்காம, அதுல ஃபெயில் ஆகுறது யாருன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. நம்ம டெஸ்டிங்ல செய்யுற வேலைதான் அது.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க வீட்டுல, சொந்தத்துல யாராவது ஈசிஆர் பாஸ்போர்ட் வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. பத்தாவது பாஸ் பண்ண மார்க் ஷீட் இருந்தாலோ, வருமான வரி கட்டுறவரா இருந்தாலோ, வெளிநாட்டுல மூணு வருஷம் இருந்திருந்தாலோ, 50 வயசு தாண்டியிருந்தாலோ, ரீ-இஷ்யூ பண்ணி அந்த எழுத்தை எடுத்துடலாம். நிறைய பேருக்கு இது தெரியாது. தெரியாததாலேயே இன்னும் ஏஜென்டுக்குக் காசு கொடுத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் பக்கத்துல உட்கார்ந்து அந்த ஃபாரமை நிரப்பிக் கொடுங்க, அதுல இருக்கிற சர்நேம் கட்டத்தையும் சேர்த்து.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.